ஏசியை நிறுத்தினால் மட்டும் கேட்கும் ஒரு சத்தம்: எங்கிருந்து வருகிறது?

அமைதிவிரும்பி:
காரில் ஒரு சத்தம். பெரிய சத்தமாக இருந்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருக்கலாம், இது கேட்டும் கேட்காத ரகம். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, வழவழப்பான ரோட்டில் மெதுவாகப் போனால்தான் கேட்கிறது. "கொர்… கொர்… கொர்" என்று விட்டுவிட்டு வரும். வேகம் கூடக்கூட கொர்கள் நெருங்கி வருகின்றன, 50 கி.மீ. தாண்டினால் டயர் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. எனக்குத் தெரிந்தவரை முன்னால், பயணி இருக்கைக்கு அடியிலிருந்து வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல் சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்களோ என் காதைத்தான் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள்.

முன்சக்கர இழுவை, மேனுவல் கியர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டயர் 185/65 ஆர் 15. வேறு ஏதாவது விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.

ரெண்டாம்கியர்:
முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள் பாஸ். கிளவ் பாக்ஸ், கதவுப் பைகள், சீட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக், வீல் ஸ்பேனர், எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். ஆள் உட்காராத சீட்டின் பெல்ட் பக்கிள் பக்கத்துத் தூணில் தட்டும், அதையும் மாட்டிவிடுங்கள். ஹெட்ரெஸ்டைக் கழற்றிவிட்டே ஓட்டிப் பாருங்கள். மர்மச் சத்தங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் தீர்கிறது என்பது என் அனுபவம்.

அமைதிவிரும்பி:
காலி செய்தாயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது. டிக்கி சுத்தமானதுதான் மிச்சம்.

ஸ்பேனர்கை:
நண்பரே, "எங்கிருந்து வருகிறது" என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். காருக்குள் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல நம் காதால் முடியாது. ஒரு சத்தம் இடக் காதுக்கும் வலக் காதுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. திறந்த வெளியில் அது நன்றாக வேலை செய்யும். காருக்குள் நாலு பக்கமும் கண்ணாடி, எல்லாவற்றிலும் பட்டு எதிரொலிக்கும். அதோடு சத்தம் காற்றில் வினாடிக்கு 340 மீட்டர்தான் போகிறது, இரும்பில் 5000 மீட்டருக்கு மேல். பின்னால் அதிர்கிற ஒரு பாகம் தரைத்தகடு வழியாக வந்து உங்கள் காலடியில் சத்தம் போடலாம். தாழ்ந்த சுருதிச் சத்தம் என்றால் இன்னும் மோசம்.

அதனால் எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் மாறியது என்று தெரியாது. அதே ரோடு, அதே வேகம். முதலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குப் போங்கள், எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனமாகிவிடும். நியூட்ரலில் எஞ்சின் சுற்று இறங்கியும் சத்தம் அதே தாளத்தில் வந்தால் எஞ்சின், பெல்ட், ஆல்டர்னேட்டர், சைலன்சர் தகடு எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். அடுத்தது, பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். பிரேக் பேட் ஆடுகிற சத்தமாக இருந்தால் தொட்டவுடன் நின்றுவிடும். அப்புறம் காலியான அகலமான இடமாகப் பார்த்து இடமும் வலமும் மெதுவாக வளைத்து ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரங்கள் மேல் விழும், அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலப்பக்க வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் குண்டு வளையம்) மேல். கடைசியாக ரிவர்ஸிலும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் "டக் டக் டக்" வருகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்தால் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டின் சக்கரப் பக்க இணைப்பு.

வால்யூம்நாப்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? ரேடியோ சத்தத்தைக் கூட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது. 😀

ஸ்பேனர்கை:
டேஷ்போர்டு கிறீச் என்றால் தாராளமாகக் கூட்டலாம் தம்பி, அதனால் யாரும் சாகமாட்டார்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற எதிலாவது சத்தம் வந்தால் அது வேறு கதை. இரும்போடு இரும்பு உரசும் பிரேக், கையில் அதிர்வாகவும் தெரிகிற தட்டல், டயர் மாற்றிய பிறகு புதிதாகக் கிளம்பிய "டொக் டொக்", இந்த மூன்றில் எது வந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் மறுபேச்சு. கடைசியாகச் சொன்னது பல சமயம் சரியாக முடுக்காத வீல் நட்டாக இருக்கும்.

அமைதிவிரும்பி:
சொன்ன வரிசையிலேயே செய்தேன். நியூட்ரலில் மாற்றமே இல்லை. பிரேக்கைத் தொட்டாலும் அப்படியே. இடம் வலம் வளைத்தால் கூடுகிறதா குறைகிறதா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை, ஸ்டியரிங் திருப்பும்போது வேறு சத்தங்களும் சேர்ந்துகொள்கின்றன. முழுக்க ஒடித்தால் டக் டக் இல்லை. ரிவர்ஸில் அந்தக் கொர் வருகிறது, ஆனால் கொஞ்சம் மெலிந்து கேட்கிறது.

நீலடிக்கி:
டயர்தான். பந்தயமே கட்டுவேன். திரெட்டின் (ரோட்டில் படுகிற பள்ளம் வெட்டிய பரப்பு) மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் முனைமுனையாகத் தட்டுப்பட்டால் தேய்மானம் சரியில்லை என்று அர்த்தம். அந்த முனைகள்தான் சத்தம் போடும். டயரை முன்னே பின்னே மாற்றிப் போட்டால் சத்தமும் கூடவே இடம் மாறும். அப்படியே பள்ளங்களில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மின்வண்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டிக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. இதுவரை எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவை எல்லாம் வெளியே வந்துவிடும். வாங்கிய புதிதில் மெதுவாகப் போகும்போது ஒரு முனகல் கேட்டது, பேரிங் போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். பார்த்தால் பாதசாரிகளுக்காக வண்டியே வேண்டுமென்று போடுகிற சத்தம்! ஐ.நா. விதி 138-ன்படி 20 கி.மீ. வேகம் வரை மின்வண்டியும் ஹைபிரிட்டும் அந்த ஒலியை எழுப்ப வேண்டும். உங்களுடையது சாதா எஞ்சின், அதனால் இது பொருந்தாது. படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

அமைதிவிரும்பி:
நான்கு டயரையும் தடவிப் பார்த்தேன். முன் டயரின் உள் ஓரத்தில் லேசாக முனை தட்டுகிறது. சின்னச் சின்னக் கற்களை எல்லாம் ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்தாயிற்று. முன்னே பின்னேயும் மாற்றிப் போட்டேன். பொதுவான இரைச்சல் கொஞ்சம் மாறியது உண்மை. கொர் மட்டும் இடம் மாறவில்லை.

நீலடிக்கி:
அப்படியென்றால் உங்களுக்கு இரண்டு சத்தம் இருக்கிறது. ஒன்று டயர், இன்னொன்று எனக்குத் தெரியாது. பந்தயத்தில் பாதி எனக்குத்தான் சேர வேண்டும்.

கணக்குப்புலி:
ஒருவர்கூட எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லையே! சத்தத்துக்குத் தாளம் இருக்கிறது என்கிறார், தாளம் இருந்தால் எண்ணலாம், எண்ணினால் எந்தப் பாகம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

185/65 ஆர் 15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. என்றால் வினாடிக்கு 2.78 மீட்டர், அதாவது சக்கரம் வினாடிக்குச் சுமார் 1.4 தடவை சுற்றும். 20-ல் 2.8 தடவை. கல், டயர் வீக்கம், வளைந்த டிஸ்க், உரசுகிற டஸ்ட் கவர் இவையெல்லாம் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒன்று வரும். டிரைவ் ஷாஃப்டும் சக்கரமும் ஒரே சுற்று. கியர்பாக்ஸுக்குள் போய்விட்டால் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகம்.

ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள், பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டயர் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு பெரிய கோடு போடுங்கள். ஒருவர் வெளியே கூடவே நடந்து வந்து சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணட்டும், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கொர்ரை எண்ணட்டும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் இரைச்சலைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தேடுகிற சத்தத்தையே போன் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

அமைதிவிரும்பி:
செய்தாயிற்று. நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, நேரான காலி ரோட்டில். சக்கரம் 50 சுற்று சுற்றும்போது கொர் 30 வந்தது. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம், 50 இல்லை என்பது மட்டும் நிச்சயம். திரும்ப எண்ணியும் 30-ஐ ஒட்டித்தான் வருகிறது. சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றுகிற பொருள் காரில் என்ன இருக்கிறது? யோசித்து யோசித்துத் தலைதான் சுற்றுகிறது.

நீலடிக்கி:
எண்ணியதில்தான் பிசகு இருக்கும். சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றுவது ஒன்றுமே கிடையாது.

பழையவண்டி:
டைமிங் பெல்ட் முழுச்சுற்று வர நேரமாகும், ஆனால் அது எஞ்சினோடு போகிற விஷயம், நியூட்ரல் சோதனையிலேயே அடிபட்டுவிட்டது. நானும் யோசிக்கிறேன்.

கணக்குப்புலி:
ஒன்று இருக்கிறது. பேரிங்கின் கூண்டு.

வீல் பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டுகள், குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு. ஒரு வளையம் நிலையாக நிற்க, இன்னொன்று சக்கரத்தோடு சுற்றும். குண்டுகள் இரண்டுக்கும் நடுவில் உருள்வதால் கூண்டு சக்கரத்தின் வேகத்தில் ஏறக்குறையப் பாதியில்தான் நகரும். இப்போது ஒரே ஒரு குண்டில் மட்டும் மேல்தோல் பெயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடை விழுவது பேரிங்கின் ஒரு பக்கத்தில்தான். பழுதான குண்டு அந்தப் பாரப் பகுதிக்குள் வரும்போதெல்லாம் அழுந்தி உருண்டு ஒரு "கொர்", வெளியே போனதும் மௌனம். உங்கள் சத்தம் ஒற்றை "டிக்" ஆக இல்லாமல் கொர்ராக இழுப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், பாரத்துக்குள் இருக்கும் நேரத்தில் குண்டு தன்னைத்தானே சுற்றுவதால் பழுதான இடம் சில தடவை வளையங்களில் அழுந்திவிடுகிறது.

இதைவிட ருசியான விஷயம் அந்த 30. உள்வளையம் சுற்றுகிற பேரிங் என்றால் கூண்டு சக்கர வேகத்தில் சுமார் 0.4 மடங்கு, அதாவது 50-க்கு 20 வந்திருக்கும். வெளிவளையம் சுற்றினால் சுமார் 0.6 மடங்கு, அதாவது 50-க்கு 30. முன்சக்கர இழுவை வண்டியின் முன் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பொதுவாக உள்வளையம்தான் சுற்றும். பின்னால் நிலையான அச்சின் மேல் டிரம் சுற்றுகிற அமைப்பில் வெளிவளையம் டிரம்மோடு சுற்றும். உங்களுக்குப் பின்னால் டிரம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். என் கணக்குப்படி சத்தம் பின் சக்கரத்தில்.

அமைதிவிரும்பி:
ஆனால் சத்தம் முன்னால் கேட்கிறதே சார்!

ஸ்பேனர்கை:
அதைத்தான் அன்றே ஓரமாக வைக்கச் சொன்னேன். கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் பேரிங் வாங்குவதற்கு முன் கையால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கை நம்பி டிரம்மைக் கழற்ற நான் தயாரில்லை.

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், கியரில் போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், பின் சக்கரம் சுற்ற வேண்டும் அல்லவா. பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி கையை உள்ளே விடாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஆரம்பக் கட்டத்தில் ஆட்டம் வராது. முக்கியமான சோதனை இனிமேல்தான். ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, இன்னொரு கையின் விரல் நுனிகளை சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். சுற்றுகிற எதையும் தொடவேண்டியதில்லை. அந்த ஸ்பிரிங் பேரிங்கின் நறநறப்பை விரலுக்குக் கொண்டுவந்துவிடும். காதுக்குக் கேட்காததுகூட விரலுக்குத் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம், நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும்.

பழையவண்டி:
டிரம்முக்குள் பிரேக் ஷூ லேசாக உரசுகிற "சர்… சர்" கேட்கலாம், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது சக்கரச் சுற்றுக்கு ஒன்று வரும்.

காற்றாடி:
இது முடிவதற்குள் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். எனக்கு 100-ஐ நெருங்கினால் மெல்லிய விசில் சத்தம். எஞ்சின், கியர் எதற்கும் சம்பந்தமில்லை. எதிர்க்காற்று இருந்தால் 80-லேயே தொடங்கிவிடுகிறது.

கணக்குப்புலி:
எதிர்க்காற்றில் முன்னதாகவே தொடங்குகிறது என்பதே போதும், காற்றுச் சத்தம்தான். மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கி, கதவு இடுக்கு, முன்கண்ணாடி ஓரம், பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஒவ்வொரு டேப்பாக எடுத்துக்கொண்டே வாருங்கள், எதை எடுத்ததும் விசில் திரும்புகிறதோ அங்கேதான் வழி. கூரையில் கம்பியோ ஏரியலோ இருந்தால் அதையும் பாருங்கள். உருண்டைக் கம்பியைக் காற்று கடக்கும்போது பின்னால் சுழல்கள் மாறிமாறிக் கழன்று போகும். 6 மி.மீ. தடிமனான கம்பி, மணிக்கு 108 கி.மீ. காற்று என்றால் வினாடிக்குச் சுமார் 1000 அதிர்வு, அதாவது தெளிவான விசில். பல ஏரியல்களில் மேலே ஒரு சுருள் சுற்றியிருப்பது இதைக் கலைத்துவிடத்தான், அழகுக்கு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

காற்றாடி:
டேப் போட்டுப் பார்த்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன், நன்றி.

அமைதிவிரும்பி:
தூக்கிப் பார்த்தாயிற்று. ஓட்டுநர் பக்கப் பின்சக்கரம், ஸ்பிரிங்கில் விரல் வைத்தால் ஒன்றுமே தெரியவில்லை, ஷூ உரசுகிற சர் மட்டும். பயணி பக்கப் பின்சக்கரம் கதையே வேறு. ஆட்டம் துளியும் இல்லை, காதை வைத்துக் கேட்டாலும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விரல் நுனியில் நறநறவென்று மணல் நெருடுவது போல வந்து, நின்று, மறுபடி வருகிறது. என் தம்பியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், எந்தப் பக்கம் என்று சொல்லாமலேயே சரியாகச் சொல்லிவிட்டான்.

அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை, வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து அந்த பேரிங்கை மாற்றினேன். பழையதைக் கேட்டு வாங்கி, வீட்டில் மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். வளையங்கள் இரண்டும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கின்றன. குண்டுகளில் ஒன்றில் மட்டும், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு சின்னப் பொருக்கு பெயர்ந்து, அந்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறமாக இருக்கிறது. ஒருபக்கச் சீலின் ஓரத்தில் துருவும் தெரிகிறது, தண்ணீர் போயிருக்கும் போல. கொர் இப்போது இல்லை.

நீலடிக்கி:
கணக்குப்புலி அவர்களே, 0.6-க்கு ஒரு கும்பிடு. ஆனால் பயணி சீட்டுக்கு அடியில் ஏன் கேட்டது என்பதை மட்டும் யாராவது விளக்குங்கள், எனக்குத் தூக்கம் வராது.

ஸ்பேனர்கை:
அதே பக்கத்தில் கதவுகளுக்குக் கீழே இருக்கும் விட்டம் பின்சக்கரத்துக்கு முன்னாலிருந்து முன்கதவு வரை ஒரே இரும்புப் பெட்டியாகப் போகிறது. சீட்டின் தண்டவாளம் தரைத்தகட்டில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அந்த வழியாக அதிர்வு போய், அதிர இடம் கிடைத்த தகட்டில் சத்தமாக வெளிவந்திருக்கும் என்பது என் ஊகம். நிரூபிக்க வேண்டுமென்றால் பழைய பேரிங்கை மறுபடி மாட்ட வேண்டும், அதற்கு நம் நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வால்யூம்நாப்:
எனக்கும் இரண்டு நாளாக ஒரு சத்தம், நிஜமாகவே. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் "டக் டக் டக் டக்" என்று சில வினாடி, அப்புறம் நின்றுவிடுகிறது. எஞ்சின் ஓட வேண்டியதுகூட இல்லை. 😐

பழையவண்டி:
ரேடியோவைக் கூட்டவில்லையா தம்பி? ஏசியின் சூடு குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் கதவை ஒரு சின்ன மோட்டார் திருப்பும், அதன் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் உடைந்தால் இப்படித்தான் தாண்டித் தாண்டி விழும். வெப்பநிலையை முழுச் சூட்டிலிருந்து முழுக் குளிர்ச்சிக்கு மாற்றிப் பார், டக் டக் மறுபடி வந்தால் அதுதான். ஆபத்து ஒன்றும் இல்லை.

ஸ்பேனர்கை:
அமைதிவிரும்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பேரிங் மாற்றும்போது ஹப் நட்டைப் புதிதாகப் போட்டார்களா, டார்க் ரெஞ்சு (முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து முடுக்கினார்களா? பல வண்டிகளில் அந்த நட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, அளவும் மேனுவலில் சொன்னபடிதான் இருக்க வேண்டும். டிரம்முக்குள் பேரிங்கை அழுத்தும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், உள்வளையத்தில் தட்டி ஏற்றினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் புது பேரிங்கும் சீக்கிரம் பேச ஆரம்பித்துவிடும். வீல் நட்டுகளை 50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

அமைதிவிரும்பி:
ஹப் நட்டு புதிது, பில்லில் இருக்கிறது. டார்க் ரெஞ்சு வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எப்படி அழுத்தினார் என்று பார்க்கவில்லை, கேட்டுவிட்டுச் சொல்கிறேன். வீல் நட்டுகளை நாளைக் காலை பார்த்துவிடுகிறேன்.